வெளியில் நிற்கிற காசு

கடனைத் தீர்க்க வந்தவரை முழுசாகத் தீர்க்க விடாத ஒரு மனிதரை எனக்குத் தெரியும்.

பசறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மருந்துக் கடை. அதற்குப் பக்கத்தில், ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் தொடுகிற அகலத்தில், காசுக்கு டெலிபோன் பேச விடுகிற அவருடைய கொமினிகேசன். அதற்கு அடுத்தது என் தையல் கடை. இரண்டுக்கும் நடுவில் பலகைத் தட்டி ஒன்றுதான். தொண்ணூறுகளின் கடைசியில் நான் கடை போட்ட நாளிலிருந்து அவர் ஊரை விட்டுப் போகும்வரை, அந்தத் தட்டிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும் இருந்தோம். ஊரில் எல்லாரும் அவரைக் கோல் கடை ஐயா என்பார்கள். நானும் ஐயா என்றுதான் கூப்பிட்டேன்.

யாழ்ப்பாணத்து ஆள். பதுளையில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்று, அந்தப் பணத்தில் கடையைத் தொடங்கியிருந்தார். உள்ளே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெட்டியறை, அதற்குள் ஒரு டெலிபோன், வெளியே மேசைமேல் சிவப்பு எழுத்தில் ரூபாய் ஓடுகிற மீட்டர், சுவரோரம் ஆட்கள் உட்கார ஒரு வாங்கு. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் சவுதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், இருந்த அம்மாவும் புருசனும் பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு இறங்கி வந்து அந்த வாங்கில் வரிசையாகக் காத்திருப்பார்கள். கையில் காசு இருக்காது. சம்பளத்துக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கும்.

"அதுக்கென்ன, கதையுங்கோ. சம்பளம் எடுத்தாப் பிறகு தாங்கோ," என்பார். பேரையும் தொகையையும் கணக்குக் கொப்பியில் எழுதிக்கொள்வார்.

எனக்கும் முதல் மாதம் அப்படித்தான் கடனுக்குப் பேசக் கொடுத்தார். கொழும்பில் கார்மென்ட்ஸில் இருந்த என் அக்காவோடு பேசிய கணக்கு. கல்யாணச் சீசனில் கையில் காசு வந்ததும் கொண்டுபோய் வைத்தேன். எண்ணிப் பார்த்தார். அதில் ஒரு இருபது ரூபாய்த் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"இது நிக்கட்டும் பிள்ளை."

"சரியாத்தாங்க கொண்டாந்தேன் ஐயா."

"சரிதான். இது நிக்கட்டும். பிறகு தாங்கோ."

ஏதோ வட்டிக்கு வழி பார்க்கிறார் என்று நினைத்தேன். அடுத்த மாதம் போய்க் கேட்டபோது அதே இருபது ரூபாய்தான் இருந்தது. வட்டியும் இல்லை, வேறு ஒன்றும் இல்லை. அதைக் கொடுத்தேன். அதற்குள் நான் பேசிய இன்னொரு கோலின் கணக்கு வந்து சேர்ந்திருந்தது. அதிலும் கொஞ்சம் நிற்கட்டும் என்றார். எனக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும் அப்படித்தான் என்று போகப் போகத் தெரிந்தது. மருந்துக் கடைக்காரர் சிரிப்பார். "மனுசனுக்கு வியாபாரம் தெரியாது," என்பார். கணக்கில் அவ்வளவு சுத்தமான ஆளுக்கு வியாபாரம் தெரியாது என்று நான் நம்பவில்லை.

சம்பளம் போட்ட பிறகு வருகிற ஞாயிறு, மத்தியானத்தோடு கடையை மூடிவிட்டுத் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். நமுனுகுல மலைக்குக் கீழே இருந்த தோட்டம். என் அம்மா அங்கேதான் இருந்தாள், நான் பிறந்ததும் அந்த லயத்தில்தான். ஒருமுறை அம்மாவைப் பார்க்க அவரோடு ஒரே பஸ்ஸில் போனேன். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, கையில் குடையும் இரண்டு பிஸ்கட் பக்கெட்டும் வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வந்தார்.

காசு கேட்டுப் போகிற ஆளைக் கண்டால் லயத்தில் கதவைச் சாத்துவார்கள். சின்ன வயதில் நானே சாத்தியிருக்கிறேன். இவரைக் கண்டதும் பிள்ளைகள் ஓடி வந்தன. "ஐயா வாங்க, குந்துங்க," என்று லயத்து முன்வாசலில் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பிளேன்டீ குடித்தார். ஒரு வீட்டில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டார். யாருடைய மகன் ஸ்கொலர்சிப் எழுதுகிறான், யாருக்கு முழங்கால் வலி, எந்த வீட்டுக்குக் கரண்ட் இன்னும் வரவில்லை, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. காசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எழும்பும்போது அவர்களாகவே மடித்து வைத்த தாள்களைக் கொண்டுவந்து நீட்டினார்கள். வாங்கிக்கொண்டார். கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்தார். ஒரு கிழமை முழுக்கக் கடையில் பேசுகிறதை அந்த வளைவு ரோட்டில் பேசித் தீர்த்துவிட்டார். பசறையில் இறங்கி, கடைக்குப் பின்னால் இருந்த தன் அறைக்கதவைத் திறக்கும்போது மறுபடி வாய் மூடிக்கொண்டது.

அவருக்கு மனைவியும் இரண்டு மகள்களும் கனடாவில் இருந்தார்கள். அதை அவராகச் சொல்லவில்லை. ஒருநாள் அவருக்குச் சட்டைக் காலர் மாற்றிக் கொடுக்கும்போது நான்தான் கேட்டேன்.

"நீங்க போகலீங்களா ஐயா?"

"அவையள் கூப்பிடேக்கை எனக்கு லீவு கிடைக்கேல்லை." சட்டையை உதறிப் பார்த்தார். "லீவு கிடைக்கேக்கை கூப்பிடேல்லை."

வருசத்துக்கு ஒன்றிரண்டு தடவை, கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, பெட்டியறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தட்டி வழியாக எனக்குக் கேட்கும். "ஓம்... ஓம்... இஞ்ச மழைதான். ஓம். பிள்ளையள் பள்ளிக்கூடமோ? சரி. ஓம், வைக்கிறன்." வெளியே வந்து, மீட்டரைப் பார்த்து, தன் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து மேசை லாச்சியில் போடுவார். தன் கடையில் தான் பேசியதற்கு.

மாரியாயக்காவின் கதை அந்தக் காலத்தில் நடந்ததுதான்.

மாரியாயக்கா என் அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்தவள். புருசன் இல்லை. ஒரே மகள் சாந்தி சவுதிக்குப் போயிருந்தாள். முதல் சில மாதம் கோல் வந்தது, காசும் வந்தது. பிறகு இரண்டும் நின்றுவிட்டன. அவள் வேலை செய்த வீட்டுக்காரர் நம்பருக்கு எடுத்தால் யாரோ அரபியில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். மாரியாயக்கா ஞாயிறுதோறும் வந்தாள். பிறகு கிழமை நாளிலும், வேலைக்குப் பேர் போடாமல், அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு வந்தாள்.

"என்ன ஐயா, இன்னொருக்கா அடிச்சுப் பாப்பமா?"

"அடிப்பம்."

அவரே பேசினார். இங்கிலீசில் பேசிப் பார்த்தார், தெரிந்த நாலு அரபு வார்த்தையைப் போட்டுப் பேசிப் பார்த்தார். கொழும்பில் சாந்தியை அனுப்பிய ஏஜென்சிக்கு எடுத்தார். அங்கே சிங்களத்தில் சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒருமுறைதான். தூதரகத்துக்கு எடுத்தார். அங்கே ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்கு மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். அதற்குள் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். மாரியாயக்காவின் கண் அந்தச் சிவப்பு எழுத்தைவிட்டு அகலாது. ஒருநாள் அவர் அன்றைய பேப்பரை எடுத்து மீட்டரின் மேல் போட்டு மூடினார்.

"அதைப் பாக்காதேங்கோ. என்னைப் பாருங்கோ. மகளின்ரை பாஸ்போட் நம்பரைச் சொல்லுங்கோ."

மாதக்கணக்கில் இழுத்தது. கடைசியில் வீட்டுக்காரரின் டிரைவர், அவரும் தமிழ் ஆள், ஒருநாள் போனை எடுத்தார். சாந்தியை வேறு ஊரில் ஒரு வீட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள், சம்பளம் கொடுக்கவில்லை, போனைத் தொடவும் விடுவதில்லை என்று அவர்தான் சொன்னார். நம்பரும் வாங்கிக் கொடுத்தார். அந்த நம்பருக்கு எடுத்து, சாந்தியின் குரல் வந்ததும் ஐயா ரிசீவரை மாரியாயக்காவின் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அவள் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். ஐயா ரோட்டைப் பார்த்தபடி வாசலில் நின்றார்.

அதன் பிறகும் எத்தனையோ கோல் போய், தூதரகம் தலையிட்டு, சாந்தி ஒரு பையோடு திரும்பி வந்தாள். சம்பளத்தில் பாதிகூடக் கிடைக்கவில்லை. ஆனால் முழுசாக வந்தாள்.

அந்தக் கடன் பெரிய கடன். ஐயா கேட்கவே இல்லை. ஒரு வருசம் போயிருக்கும். மாரியாயக்கா சீட்டுப் போட்டு, அதை எடுத்து, ஒரு ஞாயிறு வந்தாள். நான் அந்த நேரம் மீதித் துணி கொடுக்க அவர் கடையில்தான் நின்றேன். தாள்களை மேசையில் அடுக்கினாள். அவர் எண்ணினார். வழக்கம்போல ஒரு நூறு ரூபாயை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"இது நிக்கட்டும்."

"வேணாங்க ஐயா. எடுத்துக்குங்க."

"ஒரு அவசரமும் இல்லை. இது நிக்கட்டும். அடுத்த முறை வரேக்கை..."

"ஐயா." அவள் குரல் தாழ்ந்தது. "எங்க தாத்தா கங்காணி பற்றுக் கடன்ல செத்தாருங்க. எங்கப்பா தோட்டத்துக் கடைப் பற்றுல செத்தாரு. சாவு வீட்டுக்கே கடைக்காரன் வந்து நின்னான். எம் பேரு யாரு கொப்பியிலயும் இருக்கக் கூடாதுன்னு எனக்கு ஒரு ஆசைங்க. நீங்க எனக்கு செஞ்சத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா இத வாங்கிக்குங்க."

அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. தான் செய்துகொண்டிருந்ததை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை என்பது எனக்கு அப்போது விளங்கியது. நூறு ரூபாயை எடுத்து மற்றத் தாள்களோடு வைத்தார். கொப்பியைத் திறந்து, அவள் பேரைப் பேனையால் குறுக்கே கீறி, அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் குனிந்து பார்த்தாள். இரண்டு கையையும் கூப்பினாள். போய்விட்டாள்.

"பாத்தனீங்களோ பிள்ளை," என்றார் கொப்பியை மூடியபடி. "இனி அந்த மனுசி இந்தப் பக்கம் வாறதுக்கு ஒரு காரணமும் இல்லை."

மகள் திரும்பி வந்துவிட்டாள். கோல் எடுக்க வேண்டியதில்லை. கணக்கும் இல்லை. அவர் சொன்னது சரிதான். மாரியாயக்கா டவுனுக்கு வந்தால் எங்கள் கடைகளைத் தாண்டி, தூரத்திலிருந்தே சிரித்துவிட்டுப் போவாள்.

பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது. கண்ணாடிப் பெட்டியறைக்குள் அவர் சாக்கு மூட்டை அடுக்கினார். போனுக்குக் காசு ஏற்றி விடுகிற ரீலோட் கடையாக அது மாறியது. தோட்டத்து ஆட்கள் லயத்திலிருந்தே அடித்துச் சொல்வார்கள்: "ஐயா, அம்பது ரூபா போட்டு விடுங்க, சம்பளத்துல தாரேன்." அவரும் போட்டு விடுவார். அதற்கும் ஞாயிறுகளில் மலையேறிப் போனார். பதுளையிலிருந்து ரீலோட் ஏஜென்ட் ஒருவர் வந்து கிழமைக் கிழமை தன் கணக்கைக் கேட்டு நிற்பார். வசூல் போதாத கிழமையில் ஐயா பென்சனிலிருந்து எடுத்துக் கொடுப்பார்.

ஒருநாள் அந்த ஏஜென்ட்டோடு போன் கம்பெனி ஆள் ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்தார். நல்ல செய்தி கொண்டுவந்தவர் மாதிரிப் பேசினார்.

"உங்களுக்கு வெளியில நிக்கிற காசு எவ்வளவு வரும் ஐயா?"

ஐயா சொன்னார்.

"இனி அந்தத் தொல்ல இல்லீங்க. பேலன்ஸ் முடிஞ்சா ஆளுங்களே ஒரு நம்பர அடிச்சாப் போதும், கம்பெனியே கடன் குடுத்துரும். அடுத்த ரீலோட் போடும்போது தானா வெட்டிக்கும். நீங்க யாரையும் தேடி அலைய வேண்டியதில்ல."

ஐயா அவரை வாங்கில் உட்காரச் சொன்னார்.

"வெட்டிப்போட்டு, அந்த ஆளோட ஏதும் கதைக்குமோ?"

"மெசேஜ் ஒண்ணு வருங்க."

"ம்," என்றார்.

ஒரு வருசத்துக்குள் அது எல்லாருக்கும் பழகிவிட்டது. பத்து ரூபாய், முப்பது ரூபாய் எல்லாம் ராத்திரி பகல் பாராமல் போனே கொடுத்தது, போனே எடுத்துக்கொண்டது. அதற்குக் கொஞ்சம் கூலியும் பிடித்தது. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியதில்லையே. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

வெளியில் நின்ற காசெல்லாம் உள்ளே வந்து சேர்ந்தது. அவருடைய வாங்கு வெறுமையானது. ஒரு சம்பள ஞாயிறு, பழைய ஞாபகத்தில், வெள்ளைச் சட்டை போட்டு பிஸ்கட் பக்கெட்டோடு மலையேறிப் போனார். போன பஸ்ஸிலேயே திரும்பி வந்த மாதிரி சீக்கிரம் வந்துவிட்டார்.

"ஆளுங்க இல்லீங்களா ஐயா?"

"இருந்தவை. கண்டவுடனை பயந்து போச்சினம். 'ஒண்ணும் பாக்கி இல்லையே ஐயா?' எண்டு கேக்கினம். இல்லை, இந்தப் பக்கம் ஒரு அலுவலா வந்தனான் எண்டு சொல்லிப்போட்டு இறங்கிட்டன்."

பிஸ்கட்டை எனக்குத் தந்துவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் தோட்டத்துக்குப் போகவில்லை.

சாந்திக்குக் கல்யாணம் வந்தது. மாரியாயக்கா தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வந்தாள். எனக்குச் சொல்லிவிட்டு அவர் கடைக்குப் போனாள். அவர் எழும்பி நின்று தட்டைத் தொட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல், "கணக்கு எல்லாம் சரிதானே, அண்டைக்கே கீறினது," என்றார்.

"கணக்கு இல்லீங்க ஐயா. கல்யாணம். நீங்க வந்து முன்னுக்கு நிக்கணும்."

கல்யாணத்தன்று காலையில் என் கடை வாசலுக்கு வந்தார். புதுச் சட்டை. நான்தான் தைத்துக் கொடுத்திருந்தேன். இருவரும் ஸ்டாண்டுக்குப் போனோம். பஸ் வந்தது. ஆட்கள் ஏறினார்கள். நான் படியில் காலை வைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏறவில்லை.

"வாங்க ஐயா, எடுக்கப் போறாங்க."

"நீங்க போட்டு வாங்கோ பிள்ளை." ஒரு கவரை என் கையில் வைத்தார். "நான் அங்கை என்னெண்டு போய் நிக்கிறது?"

"கூப்பிட்டுருக்காங்களே ஐயா."

"கூப்பிட்டவை," என்றார். "அது சரி." கண்டக்டர் கத்தினார். பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலால் பார்த்தேன். ரோட்டைக் கடந்து கடையைத் திறந்துகொண்டிருந்தார்.

கோயில் மண்டபத்தில் முன்வரிசையில் ஒரு நாற்காலியை யாரையும் உட்கார விடாமல் மாரியாயக்கா வைத்திருந்தாள். ஐயாவுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். என் முகத்தைப் பார்த்தாள். நான் கிளம்பும்போது ஒரு தூக்குச் சட்டி நிறையக் கல்யாணச் சோறும் பாயாசமும் போட்டுக் கொண்டுவந்தாள்.

"லஞ்ச் சீட்டுல கட்டுனாப் போதும்க்கா. சட்டிய எதுக்கு?"

"பேப்பர்ல கட்டுனா தின்னுட்டு வீசிருவாரு. சட்டின்னா கொண்டாந்து குடுக்கணும்ல."

பேரே எந்தக் கொப்பியிலும் இருக்கக் கூடாது என்று சொன்னவள் அவள்தான். பஸ்ஸில் அந்தச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது அதை நினைத்துக்கொண்டே வந்தேன்.

அவர் சாப்பிட்டார். சட்டியைத் தேய்த்துக் கழுவி, மேசைக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார்.

"வாற ஞாயிறு கொண்டுபோய்க் குடுக்கோணும்," என்றார்.

வருகிற ஞாயிறு அவர் போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு மாரியாயக்காவே வந்தாள். நேராக அவர் கடைக்குள் போய் வாங்கில் உட்கார்ந்தாள்.

"என்னங்க ஐயா, எஞ் சட்டி?"

"ஐயோ, வீட்டில விட்டிட்டன். வாற கிழமை கட்டாயம் கொண்டு வாறன்."

சட்டி அவருக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்கியது. அவள் அதைப் பார்த்தாள். "சரிங்க ஐயா, வார கெழம," என்றாள். பிறகு சாந்தியைப் பற்றிச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். டீக் கடையிலிருந்து வரவழைத்த பிளேன்டீயை இருவரும் குடித்தார்கள்.

இரண்டு வருசத்துக்கு மேல் அப்படி நடந்தது. டவுனுக்கு இறங்குகிற ஞாயிறெல்லாம் அவள் சட்டியைக் கேட்டு வந்து உட்காருவாள். அவர் ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்குச் சொல்வார். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

சண்டை முடிந்து வடக்குப் பாதை திறந்த பிறகு, யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய அக்கா மகன் வந்தார். ஐயாவுக்குக் கால் வீங்கி, நடக்கச் சிரமமாகியிருந்தது. இங்கே தனியாக விட முடியாது என்றார் மருமகன். ஐயா மறுத்துப் பேசவில்லை. ஒரே நாளில் கடை காலியானது. மேசை மருந்துக் கடைக்குப் போனது. வாங்கை எனக்குத் தந்தார். மருமகன் ஆணியிலிருந்து சட்டியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"இதையும் இவவிட்டையே குடுத்திட்டுப் போவமே மாமா?"

"அதை இஞ்ச கொண்டு வாரும்." ஐயா கையை நீட்டி வாங்கினார். "அது என்ரை இல்லை. நான் குடுக்க வேண்டிய சாமான்."

சட்டியைத் தன் பைக்குள், சட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டினார். என்னிடம் தலையை ஆட்டிவிட்டு, மருமகனின் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். நான் கொடுக்க வேண்டிய ரீலோட் காசு ஒன்று இருந்தது. கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு மாரியாயக்கா வந்தாள். பூட்டிய பலகையைப் பார்த்துவிட்டு என் கடைக்குள் வந்து அந்த வாங்கில் உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"சட்டி?"

"கொண்டு போயிட்டாருக்கா."

அவள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள். வெகுநேரம் மென்றுகொண்டு ரோட்டைப் பார்த்திருந்தாள்.

"யாழ்ப்பாணத்துல இருந்து இங்க வரணும்னா எத்தன பஸ் மாறணும்?" என்று கேட்டாள்.

ஸ்டாண்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவளுடைய பஸ் வந்தது. எழும்பிப் போய் ஏறிக்கொண்டாள்.